மியூனிக் செல்லும் மகன்: ஊர்ப் பிள்ளைகளின் வீட்டில் தங்கலாமா?

அம்பைத் தாய்:
அனைவருக்கும் வணக்கம். என் மகன் வரும் அக்டோபரில் முதுநிலைப் பொறியியல் படிக்க ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் செல்கிறான். விசாவுக்காக, மாதாமாதம் ஓர் அளவு மட்டுமே எடுக்க முடிகிற 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற வங்கிக் கணக்கில் 11,904 யூரோ செலுத்தியிருக்கிறோம்; அதிலிருந்து மாதம் 992 யூரோதான் அவன் கைக்கு வரும். மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் இருக்கிறது. அங்கே ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் நால்வர், ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். தனி அறைக்கு ஆகும் வாடகையில் பாதிகூட ஆகாது. என் கணவர் வேண்டாம் என்கிறார். எனக்கோ, முதல்முறையாக வீட்டைவிட்டுப் போகிறவன் ஊர் முகங்களோடு இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை:
அம்மா, தயங்காமல் சேர்த்துவிடுங்கள். நான் அந்த நாட்டில் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் திறக்கமாட்டா என்பது எனக்குத் தெரியாது. பையில் இருந்த முறுக்கும் தண்ணீரும்தான் அன்றைய சாப்பாடு. தனியாக ஓர் அறையில் இருந்த எனக்கு அடுத்த மாதமே காய்ச்சல் வந்தபோது, எந்த மருத்துவரிடம் போவது, முன்பதிவு எப்படிச் செய்வது என்று எதுவும் விளங்கவில்லை. பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்த வீட்டில்தான் மனிதனானேன். குளிரில் இட்லி மாவு பொங்காது என்பதால், ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுச்சட்டியை இரவு முழுவதும் வைத்திருப்பார்கள். டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலில் ஞாயிறுதோறும் சொதி வைப்போம். எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது என்பதிலிருந்து எந்தக் கடையில் பருப்பு மலிவு என்பதுவரை அந்த அடுப்படியில்தான் கற்றுக்கொண்டேன். அந்த ஆதரவுக்கு விலை கிடையாது.

குறுக்குத்துறை:
அண்ணாச்சி சொல்லும் ஆதரவை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா முதலில் கேட்க வேண்டியது வாடகையைப் பற்றியல்ல; அந்த வீட்டு உரிமையாளருக்கு ஐந்தாவது ஆள் வருவது தெரியுமா என்பதைத்தான். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதை அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு, இவர் இந்தத் தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் தேவை. உரிமையாளரின் அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு ஆள் சேர்த்தால் அந்தத் தாள் கிடைப்பது கடினம். விஷயம் வெளியே தெரிந்தால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிள்ளைகளின் வீட்டுக்கே ஆபத்து. பதிவு இல்லையென்றால் வருமான வரி எண் வராது, பகுதி நேர வேலையில் சேர்வது சிக்கலாகும், விசா முடிவதற்குள் கொடுக்க வேண்டிய, தங்கும் அனுமதிக்கான விண்ணப்பமும் தடைபடும்.

என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊரில் இன்னார் மகன், இன்ன தெரு என்று எழுதினாலே தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் கட்டடத்தின் எண் மட்டும்தான் இருக்கும்; உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரும்பாலும் தனி எண் இருக்காது. வாசலில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். என்னோடு படித்த ஒருவர் இப்படித்தான் கணக்கில் வராத ஆளாகத் தங்கியிருந்தார். உரிமையாளர் பார்த்துவிடுவார் என்று பெட்டியில் பெயர் ஒட்டவில்லை. வங்கி அட்டை திரும்பிப் போனது; அதன் ரகசிய எண் வந்த கடிதமும் திரும்பிப் போனது. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து அவருடைய சொந்தப் பணத்தை எடுக்க ஆறு வாரம் ஆனது. அதுவரை அறைத்தோழர்களிடம் கடன் வாங்கித்தான் சாப்பிட்டார்.

வண்ணார்பேட்டை:
தங்கை சொல்லும் சட்டம் சரிதான். ஆனால் அறை கிடைத்த பிறகல்லவா அதெல்லாம்? ஊரில் இருந்தபடியே இணையத்தில் அறை தேடுகிறவர்களை ஏமாற்றவே ஒரு கூட்டம் இருக்கிறது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்பார்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, வயலை ஒற்றிக்கு வைத்த பணத்தை இப்படி அனுப்பிவிட்டு இழந்தது. அங்கே நம் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் நேரில் போய் அறையைப் பார்த்துவிட்டு வருவார்.

குறுக்குத்துறை:
பார்த்துச் சொல்வதற்கு அவர்கள் வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. அதற்காக அங்கேயே இரண்டு ஆண்டு குடியிருக்க வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குள் நாளெல்லாம் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று இருந்தால் ஜெர்மன் மொழி காதில் விழும் நேரமே இருக்காது. படிப்பு முடிந்து வேலை தேடும்போதுதான் அதன் வலி தெரியும். நான் முதலாண்டில் கற்ற ஜெர்மனில் பாதி, பொது அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசிக் கற்றது.

அம்பைத் தாய்:
இருவருக்கும் நன்றி. நேற்று மகனை விட்டே அந்தப் பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னேன். ஒப்பந்தத்தில் மூன்று பேர் பெயர்தான் இருக்கிறதாம். நான்காவது பையனே இன்னும் தன் பெயரில் பதிவு செய்யாமல் இருக்கிறானாம். அதை மறைக்காமல் சொன்னதற்கு அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. முதல் சில நாட்கள் விருந்தாளியாக மட்டும் வந்து தங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். இன்னொரு ஊருக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர் ஒருவரின் அறை மூன்று மாதத்துக்கு உள்வாடகைக்கு வருகிறதாம். உரிமையாளரின் சம்மதமும் பதிவுக்கான தாளும் உண்டு என்று எழுதியிருக்கிறார். வாடகை எங்கள் கணக்கைவிடக் கூடுதல்தான். அதை என் கணவர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். வரும் சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கிறார். அவர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு யூரோகூட அனுப்பப் போவதில்லை.