சோங்கிங்கின் பழைய படிக்கட்டுச் சந்துகள்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நவம்பரில் சீனாவின் சோங்கிங் நகருக்குப் படம் எடுக்கப் போகிறேன். லிசிபாவில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் புகுந்து செல்லும் மோனோரயிலை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். நான் தேடுவது வேறு. மேல் நகரையும் கீழ் நகரையும் இணைத்த ஷிபாதி படிக்கட்டுத் தெருவில் வாழ்ந்தவர்களை வேறிடத்துக்கு அனுப்பி, பெரும்பகுதியை இடித்துக் கட்டி, 2021-இல் சுற்றுலாத் தலமாகத் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே குடித்தனம் இல்லை. அதுதான் மனத்தை உறுத்துகிறது.

யூசோங் பகுதியில் இன்னும் குடும்பங்கள் வாழும் படிக்கட்டுச் சந்துகள் எவை? அங்குள்ள முதியவர்களிடம் படமெடுக்க எப்படி அனுமதி கேட்டீர்கள்? மூடுபனி நாளில், குறுகலான இடத்தில் 35 மி.மீ. லென்ஸ் போதுமா?

இடிப்பதற்கு முன் ஷிபாதியில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், எந்தப் படியில் நின்று எடுத்தீர்கள் என்பதோடு அவசியம் பகிருங்கள்.