உதவி: அரசாணை, சென்சஸ் அறிக்கைகளை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது?

மலர்_ஆய்வு:
வணக்கம். நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி உரிமை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். துணைநூற்பட்டியலில் மூன்று இடங்களில் நெறியாளர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விளக்கம் எதுவும் இல்லை.

1. தமிழ்நாடு அரசு, அரசாணை எண் 613, 1921.
2. சென்சஸ் அறிக்கை, மெட்ராஸ், தொகுதி 13.
3. 2021-இல் வந்த அரசாணை ஒன்று. கையெழுத்திட்ட செயலாளரை ஆசிரியராகப் போட்டு, இணைய முகவரியும் கொடுத்திருந்தேன். இப்போது அந்தப் பக்கமே திறக்கவில்லை.

ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள்) முறை வேண்டுமாம். கையேட்டைப் புரட்டினால் எல்லாம் அமெரிக்க உதாரணங்கள். யாராவது வழி சொல்லுங்களேன்.

கோப்புக்கட்டு:
எண்ணை மட்டும் வைத்து அரசாணையைப் பிடிக்க முடியாதும்மா. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக எண் போடும். ஜனவரி பிறந்தால் மறுபடி 1-லிருந்து தொடங்கும். இப்போதைய ஆணைகளில் நிலை, வாலாயம், டி என்று வரிசைகள் வேறு உண்டு. ஒரே ஆண்டில் 100 என்ற எண்ணோடு எத்தனையோ ஆணைகள் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் "613, 1921" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், "எந்தத் துறை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் குறிப்பிலேயே இருக்க வேண்டும்.

உங்களுடையது பொதுத்துறை ஆணை. இப்படி எழுதுங்கள்:

சென்னை அரசு, பொதுத்துறை. (1921). அரசாணை எண் 613, நாள் 16.9.1921. தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னை.

1921-இல் தமிழ்நாடு அரசு ஏது? மாநிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது 14.1.1969-இல். அதற்கு முந்தைய ஆணைகளுக்கு அப்போதிருந்த பெயரையே போட வேண்டும். சட்டங்களின் கதை வேறு. 1969-இல் பழைய சட்டங்களின் தலைப்பிலேயே 'மெட்ராஸ்' போய் 'தமிழ்நாடு' வந்துவிட்டது. அதனால் 1959-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டமான அறநிலையச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டம் என்றே குறிக்கிறோம்.

செயலாளர் பெயரை எடுத்துவிடுங்கள். கையெழுத்துக்கு மேலே "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும், பாருங்கள். அவர் அரசின் சார்பில் ஒப்பமிடுகிறார், அவ்வளவுதான். துறைதான் ஆசிரியர். ஏபிஏ ஏழாம் பதிப்பு நேரடியாக வெளியிட்ட அமைப்பின் பெயரை மட்டும் ஆசிரியராகப் போடச் சொல்லும். ஆனால் வெறும் 'பொதுத்துறை' என்றால் யாருடைய பொதுத்துறை என்று தெரியாது. அரசின் பெயரைச் சேர்ப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

பழந்தாள்:
சென்சஸுக்கு ஆண்டு இல்லாவிட்டால் ஒன்றும் தேறாது. மெட்ராஸ் தொகுதிக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண்: 1891-இல் 13, 1901-இல் 15, 1911-இல் 12, 1921-இல் மறுபடி 13, 1931-இல் 14. ஆக, உங்கள் 'தொகுதி 13' 1891-ஆ, 1921-ஆ? அறிக்கை ஒரு பகுதியாகவும் அட்டவணைகள் வேறு பகுதியாகவும் இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

அரசாணைக்கு ஆள் பெயர் வேண்டாம் என்றார் கோப்புக்கட்டு. இங்கே நேர்மாறு. சென்சஸ் கண்காணிப்பாளர் பெயர் தலைப்புப் பக்கத்திலேயே இருக்கும், ஆய்வாளர்களும் அவர் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். 1921-க்கு ஜி.டி. போக், 1931-க்கு யீட்ஸ்.

மலர்_ஆய்வு:
மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். என்னுடையது 1921தான். இன்னும் இரண்டு சந்தேகம். 2021 ஆணையில் தமிழ் மாதத் தேதியும் திருவள்ளுவர் ஆண்டு 2052 என்றும் இருக்கிறது, அதையும் போடுவதா? 613-ஐ நான் ஒரு நூலில்தான் படித்தேன். காப்பகத்தின் பெயரைப் போடலாமா?

கோப்புக்கட்டு:
திருவள்ளுவர் ஆண்டு வேண்டாம். பக்கத்திலேயே ஆங்கிலத் தேதி இருக்கும், அது போதும். செத்த இணைப்பையும் எடுத்துவிடலாம். துறை, வரிசை, எண், நாள் நான்கும் சரியாக இருந்தால் இணைப்பு இல்லாமலே ஆணையைத் தேடி எடுக்கலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பிரதி கிடைத்தால் அந்த முகவரியைக் கொடுங்கள்.

காப்பகத்தின் பெயரை, கோப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் போடக் கூடாது. அதுவரை அந்த நூலைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும், உள்ளே 'மேற்கோள்: இன்னார் நூல்' என்று குறித்தால் போதும்.

பழந்தாள்:
ஒன்று விட்டுப்போச்சு. 'கம்யூனல் ஜி.ஓ.' (வகுப்புவாரி அரசாணை) என்று ஒற்றைப் பெயரில் எழுதிவிடாதீர்கள். 1921-க்குப் பிறகும் அந்தப் பெயரில் ஆணைகள் வந்தன. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது கல்லூரிச் சேர்க்கை பற்றிய பிந்தைய ஆணையை, உங்கள் 613-ஐ அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய கட்டுரைகள் நிறையவே கண்ணில் படுகின்றன. தீர்ப்பைக் குறிப்பிட ஏ.ஐ.ஆர். 1951 உச்ச நீதிமன்றம் 226 என்று போட்டால் போதும் (ஏ.ஐ.ஆர். என்பது 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' என்ற தீர்ப்புத் தொகுப்பு).

மலர்_ஆய்வு:
நல்லவேளை சொன்னீர்கள், என் மூன்றாம் இயலில் இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. முதலில் அதைப் பார்க்கிறேன். எழும்பூருக்கு அடுத்த வாரம் போகலாம் என்று இருக்கிறேன்.

கோப்புக்கட்டு:
போகும்போது நெறியாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். துறை, எண், நாள் மூன்றையும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் சீட்டு நிரப்ப எளிது.