இசைத்தட்டு விலை: நியாயமா, கொள்ளையா?

ஊசிமுனை:
சிடி வந்து ஆட்டம் போட்ட 1990களின் தொடக்கத்தில், என்னிடம் இருந்த நூற்றுச்சொச்சம் எல்பிகளை (நீண்ட நேரம் ஓடும் பெரிய இசைத்தட்டுகளை) வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். வாங்கியவர் எனக்கு ஏதோ உபகாரம் செய்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். இப்போது அதே ஆல்பங்கள் மறுபதிப்பாக வருகின்றன, விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ கணக்குப்படி 2023-இல் அமெரிக்காவில் 4.3 கோடி வினைல் தட்டுகள், அதாவது பிளாஸ்டிக் இசைத்தட்டுகள், விற்றுப் போயிருக்கின்றன, மதிப்பு 140 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், ஒரு தட்டுக்கு 32 டாலருக்கு மேல் வருகிறது. இதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தால் மாதம் முழுக்க ஸ்ட்ரீமிங்கில் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கலாம். எல்லோரும் மறுமலர்ச்சி என்று பூரிக்கிறார்கள். எனக்கு இது பழைய ஞாபகத்துக்கு விலை ஒட்டி விற்கிற வியாபாரமாகத்தான் தெரிகிறது. மறுப்பவர்கள் வரலாம்.

கூட்டல்கழித்தல்:
வந்துவிட்டேன். 32 டாலர் என்று சொன்ன நீங்கள், அப்போது எவ்வளவு என்று சொல்லவில்லையே? 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் எல்பியை அறிமுகப்படுத்தியபோது 12 அங்குலத் தட்டு 4.85 டாலர். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துப் பெருக்கினால் 2023-இன் பணத்தில் 60 டாலரைத் தொடும். அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால் 1978-ஐ எடுங்கள். அன்று 7.98 டாலர் பட்டியல் விலை சாதாரணம். 2023-இன் பணத்தில் 37 டாலர். ஆக, நீங்கள் இளமையில் வாங்கியதைவிட இப்போது மலிவு. உங்களுக்கு வலிப்பது விலை அல்ல, நடுவில் தட்டு விலைபோகாமல் கிடந்த அந்தப் பதினைந்து இருபது வருடப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் நீங்கள் விற்றீர்கள், வேறு யாரோ வாங்கினார்கள்.

ஊசிமுனை:
கடைசி வரி தேவையா? சரி, போகட்டும்.

பட்டியல் விலைக்கு அன்று யார் வாங்கினார்கள்? கடைக்காரர்கள் போட்டி போட்டுக் கொண்டு தள்ளுபடி கொடுத்த காலம் அது. உறையில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை.

கூட்டல்கழித்தல்:
உண்மைதான். ஆனால் நீங்கள் காட்டிய 140 கோடியும் சில்லறைப் பட்டியல் விலையை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். தள்ளுபடியைக் கழிப்பதென்றால் இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும்.

செல்லாக்:
கூட்டல்கழித்தல், நீங்கள் 1948-ஐத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். எல்பிக்கு முன் இருந்தவை நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் செல்லாக் (அரக்கு) தட்டுகள். 12 அங்குலத் தட்டிலேயே ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம், கொஞ்சம் கூடினால் ஐந்து நிமிடம். ஒரு முழு சிம்பொனி வேண்டுமென்றால் ஐந்தாறு தட்டுகளைப் புகைப்பட ஆல்பம்போல அட்டை கட்டி விற்றார்கள். ‘ஆல்பம்’ என்ற சொல்லே அப்படி வந்ததுதான். கீழே போட்டால் கண்ணாடிபோல உடையும், தூக்கினால் கை வலிக்கும். அந்தக் கட்டு முழுவதும் ஒரே தட்டில், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் அடங்கியபோது 4.85 டாலர் அன்றைய ரசிகருக்கு மலிவு. எல்பி பிறந்தபோது விலையையும் குறைத்தது. இன்று அதே பொருள் ஆடம்பரப் பொருளாக அலமாரியில் நிற்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பணவீக்கக் கணக்கு காட்டாது.

ஊசிமுனை:
அப்படிச் சொல்லுங்கள் ஐயா! அன்று வீட்டில் நினைத்தபோது பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் தட்டு வாங்கியாக வேண்டும். இன்று பாட்டு இலவசம் மாதிரி. அப்படியானால் 32 டாலர் பாட்டுக்கான விலையே இல்லை, அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்குமான விலை. லூமினேட் என்ற ஆய்வு நிறுவனம் 2023-இல் சொன்னது நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் வினைல் வாங்குபவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயரே இருக்கிறது.

நீலஉறை:
பிளேயர் இல்லாத மறுபாதியில் ஒருத்தியாக இருந்தவள் நான். வருடக் கணக்கில் பிளேயர் இல்லாமலேதான் வாங்கினேன். 12 அங்குல அட்டையில் ஓவியத்தைப் பார்ப்பதும், பாடல் வரிகளைக் கையில் வைத்துப் படிப்பதும் எனக்குப் பிடிக்கும். பிடித்த பாடகருக்கு நேராகக் கொஞ்சம் பணம் போகட்டும் என்ற எண்ணமும் உண்டு. புத்தகத்தைப் படிக்காமல் அடுக்கி வைப்பவர்களை யாரும் இந்த அளவுக்குத் திட்டுவதில்லை.

ஊசிமுனை:
உங்களைத் திட்டவில்லை அம்மா. உங்களை வைத்துச் சம்பாதிப்பவர்களைத்தான் சொல்கிறேன். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2022-இல் ஒரே ஆல்பத்தை நான்கு உறைகளில் விட்டார். நான்கின் பின்னட்டைகளையும் சேர்த்து வைத்தால் கடிகாரம் வரும். பாட்டு ஒன்றுதான், தட்டு நான்கு. இதுதான் விற்பனை எண்ணிக்கையில் ஏறுகிறது.

அச்சுக்கூடத்தான்:
தட்டு அச்சடிக்கும் இடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லாக்கர் என்ற மெருகுப் பூச்சு பூசிய அலுமினியத் தட்டில் முதலில் ஒலிக்கான பள்ளம் வெட்ட வேண்டும். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் குளியலில் வைத்துப் படியெடுத்து, அந்தப் படியிலிருந்து இன்னொரு படி, அதிலிருந்து ஸ்டாம்பர், அதாவது தட்டை அழுத்தி அடிக்கும் அச்சு. ஒரு ஸ்டாம்பர் கிட்டத்தட்ட ஆயிரம் தட்டு தாங்கும், அதற்குமேல் சத்தம் மங்கும். அப்புறம் சோதனை அச்சு, கேட்டுப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் முதலிலிருந்து. 300 தட்டு கேட்டாலும் 30,000 கேட்டாலும் இந்த ஆரம்ப வேலை அப்படியே இருக்கும். அன்று அந்தச் செலவு லட்சம் தட்டுகளில் கரைந்தது. இன்று ஒரு சின்னக் குழுவின் 300 தட்டில் கரைய வேண்டும்.

இன்னொன்று. சிடி வந்ததும் ஆலைகள் மூடின, இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. சோனி 1989-இல் தட்டு அடிப்பதை நிறுத்தி, 2018-இல்தான் மறுபடி தொடங்கியது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்து போனது. லாக்கர் தட்டு செய்ய உலகத்துக்கே இரண்டு பெரிய இடங்கள்தான் இருந்தன, மற்றது ஜப்பானில். அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோரும் கொரோனாவால் வீட்டில் அடைந்து தட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

செல்லாக்:
இரண்டே இடம் என்ற நிலைமை வந்ததே, தொழில் எவ்வளவு சுருங்கியது என்பதற்குச் சாட்சி. அமெரிக்காவில் 1978-இல் 34 கோடி எல்பி. 2006-இல் பத்து லட்சம்கூட இல்லை. இப்போது 4 கோடிச் சொச்சம். பள்ளத்திலிருந்து பார்த்தால் மலை, பழைய உயரத்திலிருந்து பார்த்தால் எட்டில் ஒரு பங்கு.

கூட்டல்கழித்தல்:
எட்டில் ஒரு பங்காக இருக்கட்டும். பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் பணவீக்கம் அளக்கும் பொருள் பட்டியலிலிருந்து 1992-இல் இசைத்தட்டை எடுத்தது, 2024-இல் மறுபடி சேர்த்தது. ஞாபகத்துக்கு விலை ஒட்டுகிறார்கள் என்றால் அதை எதற்கு அளக்கப் போகிறார்கள்?

தங்கத்தட்டு:
விலை ஏறுவதைப் பார்த்து ஏன் அழுகிறீர்கள்? சீல் பிரிக்காமல் வாங்கிப் போடுங்கள். பீட்டில்ஸின் 1968 இரட்டைத் தட்டில் 0000001 எண்ணிட்ட பிரதியை அந்தக் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பெட்டகத்தில் வைத்திருந்தார். 2015 ஏலத்தில் 7,90,000 டாலர்.

நீலஉறை:
அதற்கு முதலில் ரிங்கோ ஸ்டாராகப் பிறக்க வேண்டும்.

அச்சுக்கூடத்தான்:
சீல் பிரிக்காத மறுபதிப்பை முதலீடு என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நிறுவனம் மறுபடி அச்சடித்தால் விலை இறங்கும். விலை நிற்பது பெரும்பாலும் முதல் அச்சுக்கு, அதிலும் கீறல் இல்லாததற்கு. நாற்பது வருடம் சுழன்ற தட்டில் கீறல் இல்லாதது எத்தனை இருக்கும்?

ஊசிமுனை:
ஒலித்தரத்துக்காகத்தான் இந்த விலை என்று ஒருவரும் சொல்லாதது ஆச்சரியம்.

தங்கத்தட்டு:
அதைச் சொல்ல வேண்டுமா என்ன? எண்களாக மாற்றாத அனலாக் ஒலியின் இதமான சூடு சிடியில் வராது.

கூட்டல்கழித்தல்:
நான் வினைல் பக்கம்தான், ஆனால் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனத்தின் விலை உயர்ந்த பதிப்புகளை முழு அனலாக் என்று நம்பித்தான் வாங்கினார்கள். பலவற்றில் நடுவே டிஜிட்டல் படி இருந்தது 2022-இல் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தட்டுகளின் ‘சூட்டை’ப் பாராட்டி வந்தவர்களில் எத்தனை பேர் கேட்டுக் கண்டுபிடித்தார்கள்? நல்ல மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) இருந்தால் தட்டும் நன்றாக இருக்கும், சிடியும் நன்றாக இருக்கும்.

ஊசிமுனை:
சரி, பணவீக்கக் கணக்கில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். அச்சுக்கூடத்தார் சொன்ன செலவும் புரிகிறது. ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 38 நிமிட ஆல்பம், அன்று ஒரே தட்டில் நிம்மதியாக உட்கார்ந்தது. இன்று அதையே இரண்டு தட்டாகப் பிரித்து, எல்பியைவிட வேகமான 45 சுற்றில் வெட்டி, 180 கிராம் எடை என்று ஒட்டி, கிட்டத்தட்ட இரட்டை விலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும், என் முழங்காலுக்கு அது ஆகாது.

அச்சுக்கூடத்தான்:
45 சுற்றில் வெட்டினால் தட்டின் நடுவை ஒட்டிய உள்வட்டத்தில் ஒலிச் சிதைவு குறையும், அது உண்மை. ஆனால் எடை விஷயத்தில் நான் உங்கள் கட்சி அண்ணா. பள்ளத்தின் ஆழம் 140 கிராமிலும் 180 கிராமிலும் ஒன்றுதான். கூடுதல் 40 கிராமில் பாட்டு எதுவும் இல்லை.

தங்கத்தட்டு:
கையில் எடுக்கும்போது ஒரு கனம் இருக்கிறதே!

ஊசிமுனை:
விலையும் அப்படித்தான் இருக்கிறது தம்பி.