மின்தாள் திரையில் தமிழ்ப் பதிவு சிதறுகிறது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகிறது: உதவி தேவை

சுண்டெலி:

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இனி கேட்டுவிடுவது என்று வந்திருக்கிறேன். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கட்டுப்பாட்டுப் பலகை) ஒன்று, 2.9 அங்குலக் கருப்பு வெள்ளை மின்தாள் திரை ஒன்று (இ-பேப்பர், 296க்கு 128 பிக்சல்). மாஸ்டடான் சமூக வலைத்தளத்தில் ஒரு ஹேஷ்டேகில் கடைசியாக வந்த பதிவு மேசைமேல் தெரிய வேண்டும், அதைப் பார்க்கப் போனைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் ஆசை. ஆங்கிலப் பதிவு அச்சடித்த மாதிரி வருகிறது. தமிழ் வந்தால்தான் கூத்து.

முதலில் திரை லைப்ரரியோடு வரும் எழுத்துருவிலேயே விட்டேன். ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று கிறுக்கல், அதில் முதலாவது எப்போதும் கிரேக்க எழுத்து மாதிரி ஒரே கிறுக்கல். அப்புறம் யூ8ஜி2 என்ற இன்னொரு திரை லைப்ரரி வழியாக ஒரு தமிழ் எழுத்துருவை மாற்றி ஏற்றினேன். இப்போது தமிழ் தமிழாகத் தெரிகிறது, ஆனால் "பெண்" என்றால் ப முதலில் நிற்கிறது, ஒற்றைக் கொம்பு அதன் பின்னால் வருகிறது. "கொடு" என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் போய்விட்டன. "கு" என்று எழுதினால் க தனியாக, உகரக் குறி தனியாக. எழுத்துரு கெட்டதா, என் நிரல் கெட்டதா?

கூடவே இன்னொன்று, 20 பதிவுகளை ஒன்றாக எடுத்தால் ஜேசானை (பதிவுகள் வந்துசேரும் தரவு வடிவம்) படிக்கும்போது நினைவகம் போதவில்லை என்று பிழை வருகிறது.

மண்புழு:

வயரிங்கைப் பாருங்கள் நண்பரே. பிஸி கம்பி (திரை வேலையாக இருப்பதைப் போர்டுக்குச் சொல்வது) சரியாகப் பிடிக்கவில்லை என்றாலும் திரை கண்டபடி காட்டும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

ஈயப்பற்று:

ஆங்கிலம் சுத்தமாக வருகிறது என்கிறாரே, வயரிங் எப்படிக் காரணமாகும்? கம்பி தப்பு என்றால் ஆங்கிலமும்தான் சிதறும்.

சுண்டெலி, எழுத்துருவும் கெடவில்லை, உங்கள் நிரலும் கெடவில்லை. யூடிஎஃப்-8இல் (யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். பழைய எழுத்துரு பைட்டுக்கு ஒரு படம் போட்டது, அதனால்தான் மூன்று மூன்றாகக் கிறுக்கலும் முதலில் அதே கிரேக்க எழுத்தும். யூ8ஜி2 யூடிஎஃப்-8ஐப் புரிந்துகொள்ளும், ஆனால் அதற்கு மேல் எதுவும் செய்யாது. யூனிகோடில் "பெ" என்பது ப, அதன் பிறகு ெ என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது, ொ-வை இரண்டாகப் பிளந்து நடுவில் எழுத்தை நிறுத்துவது, க-வையும் உகரத்தையும் சேர்த்து "கு" என்ற ஒரே வடிவமாக்குவது, இதெல்லாம் காட்டும் இடத்தில் நடக்க வேண்டிய வேலை. போனிலும் கணினியிலும் அதை ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு நிரல் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது, அதனால் நமக்கு அது நடப்பதே தெரியாது. உங்கள் போர்டில் அது இல்லை.

என் யோசனை, ஈஎஸ்பி32க்குத் தமிழ் கற்றுக்கொடுக்காதீர்கள். வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்ப்பெரி பை மாதிரி குட்டிக் கணினி ஏதாவது இருந்தால் பதிவை அதில் எடுங்கள், பைத்தானில் பில்லோ என்ற பட லைப்ரரியைக் கொண்டு 296க்கு 128 படமாக வரையுங்கள், ஈஎஸ்பி32 வைஃபையில் அந்தப் படத்தை மட்டும் வாங்கித் திரையில் கொட்டட்டும். ஒரு பிக்சலுக்கு ஒரு பிட், மொத்தமே 4,736 பைட். ஜேசான் தலைவலியும் அதோடு போய்விடும். போர்டிலேயேதான் எடுப்பேன் என்றால் ஒரு தடவைக்கு எத்தனை பதிவு என்று சொல்லும் லிமிட்டை 1 என்று வையுங்கள், கடைசிப் பதிவு ஒன்றுதானே வேண்டும், எதற்கு 20?

பதிவின் உள்ளடக்கம் எச்டிஎம்எல் ஆக வரும், பத்திக் குறிகளையும் வரி உடைப்பையும் நீக்கிவிட்டு வரையுங்கள். வரி மடிக்கும்போது எழுத்தை எண்ணி மடிக்காதீர்கள். பைத்தானுக்கு "கொ" இரண்டு குறி, "க்கு" நான்கு குறி, கணக்கு தப்பிவிடும். பில்லோவில் டெக்ஸ்ட்லெங்த் என்று ஒன்று உண்டு, அது பிக்சலில் அகலம் சொல்லும்.

சுண்டெலி:

ஈயப்பற்று அண்ணே, நீங்கள் சொன்னபடியே நேற்று இரவு உட்கார்ந்து செய்தேன். படம் வருகிறது, ஆனால் இரண்டு கோளாறு. ஒன்று, தாள் முழுக்கக் கருப்பு, எழுத்து வெள்ளை. இரண்டு, நம்பமாட்டீர்கள், பைத்தானில் வரைந்த படத்திலும் அதே கொம்பு பின்னால்! கணினித் திரையில் திறந்து பார்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது.

ஈயப்பற்று:

முதலாவது சுலபம். பில்லோவின் ஒரு பிட் படத்தில் 1 என்றால் வெள்ளை. திரை லைப்ரரியின் டிராபிட்மேப் 1 இருக்கும் இடத்தில்தான் மை போடும். அதற்குப் பதிலாக டிராஇன்வர்ட்டட்பிட்மேப் என்று கூப்பிடுங்கள்.

இரண்டாவதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. பில்லோவிடம் எழுத்து அடுக்க இரண்டு வழி, ஒன்று பேசிக், இன்னொன்று ராக்ம். ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துவது ராக்ம்தான். அது கிடைக்கவில்லை என்றால் பில்லோ ஒரு வார்த்தை சொல்லாமல் பேசிக்குக்கு இறங்கிவிடும். பில்லோவின் ஃபீச்சர்ஸ் செக்கில் ராக்ம் என்று கொடுத்துப் பாருங்கள், "ஃபால்ஸ்" (இல்லை) என்று வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். பைத்தானின் பிப் வழியாக நிறுவியிருந்தால் பெரும்பாலும் ராக்முக்குத் தேவையான ஃப்ரிபிடி லைப்ரரி மட்டும்தான் கணினியில் இருக்காது. அதை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இரவுக்கோட்டான்:

குறுக்கே வருகிறேன். எல்லார் வீட்டிலும் 24 மணி நேரமும் ஓடும் கணினி இருக்காது. என்னிடம் இல்லை, அதனால் போர்டிலேயே செய்தேன், அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. தமிழில் 247 எழுத்து, அதோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைக்கு 65, ஸ்ரீ ஒன்று, ஆக 313. ஒவ்வொன்றையும் முழு எழுத்தாகவே கணினியில் ஒருமுறை படமாக வரைந்து வைத்துக்கொண்டேன், 40க்கு 24 பிக்சல் கட்டத்தில் ஒன்றுக்கு 120 பைட், எல்லாம் சேர்ந்து 37,560 பைட். 4 எம்பி ஃபிளாஷில் இது எந்த மூலைக்கு? ஒவ்வொன்றின் உண்மையான அகலத்தையும் கூடவே சேமித்துவிட்டால் எழுத்துக்கிடையே ஓட்டை விழாது.

ஓடும்போது வேலை இவ்வளவுதான்: மெய்வரிசைக் குறி ஒன்று வந்தால் அடுத்ததைப் பார், அது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் இரண்டும் ஓர் எழுத்து. க்ஷவுக்கும் ஸ்ரீக்கும் மட்டும் தனியாக ஒரு விதி. ஒரு இடத்தில் சறுக்கினேன். சிலர் தட்டும் பதிவில் "கொ" என்பது ஒரே ொ-வாக வராமல் ெ, ா என்று இரண்டு குறியாக வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அட்டவணையில் தேடினால்தான் கிடைக்காது. முதலிலேயே இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுங்கள்.

ஈயப்பற்று:

இது நல்ல வழி, எனக்குத் தோன்றவே இல்லை. தேவநாகரிக்கு இப்படிச் செய்ய உட்கார்ந்தால் கூட்டெழுத்து எண்ணியே வயசாகிவிடும், தமிழுக்குச் சரியாக உட்கார்கிறது.

சுண்டெலி:

பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், ஃபால்ஸ்தான். ஃப்ரிபிடியைப் போட்டதும் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழில் 12 பிக்சலில் வரைந்தால் ணகரச் சுழி எல்லாம் அடைத்துக்கொண்டு புளியங்கொட்டை மாதிரி ஆனது, 19க்கு ஏற்றினேன், ஐந்து வரி பிடிக்கிறது, போதும். எமோஜி வெறும் கட்டமாக வந்தது, தமிழ் எழுத்துருவில் அது எங்கே இருக்கும், எடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. போர்டுக்கு 30 நிமிடம் டீப் ஸ்லீப் (மின்சாரம் மிச்சப்படுத்தும் ஆழ்தூக்கம்) வைத்தால் அழகாக எழுந்து புதுப்பதிவு காட்டுகிறது. அதையே 60 நிமிடம் என்று மாற்றினால் தூங்கினது தூங்கினதுதான், ரீசெட் பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வருகிறது. அந்த வரியில் 60ஐ 60ஆலும் பிறகு 1000000ஆலும் பெருக்கியிருக்கிறேன், வேறு எதையும் தொடவில்லை.

மண்புழு:

இதற்கு எனக்குப் பதில் தெரியும்! தூங்கும் நேரம் மைக்ரோவினாடிக் கணக்கு. 30 நிமிடம் என்றால் 180 கோடி, சாதாரண இன்ட்டின் (32 பிட் முழு எண்) எல்லை 214 கோடி சொச்சம், அதற்குள் அடங்கிவிட்டது. 60 நிமிடம் 360 கோடி, எல்லை தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும், அதை 64 பிட்டுக்கு மாற்றும்போது லட்சக்கணக்கான ஆண்டுகள் தூங்கு என்று அர்த்தமாகிறது. 1000000க்குப் பின்னால் யூஎல்எல் ஒட்டுங்கள், பெருக்கலே 64 பிட்டில் நடக்கும். கம்பைலர் எச்சரிக்கையை முழுமையாகக் காட்டும்படி வைத்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

அப்புறம், தூங்கப் போகும் முன் திரையையும் ஹைபர்னேட் செய்து உறங்கவைக்கிறீர்களா? மின்னழுத்தத்தோடு அப்படியே விட்டுவைத்தால் மின்தாள் நாளடைவில் கெட்டுவிடும்.

சுண்டெலி:

செய்யவில்லை, இப்போது சேர்த்துவிட்டேன். யூஎல்எல் ஒட்டினதும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுகிறது, காலையிலிருந்து நான்கு பதிவு மாறியாயிற்று. பகுதிப் புதுப்பிப்பில் பழைய பதிவின் நிழல் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது, மணிக்கு ஒருமுறைதானே என்று முழுப் புதுப்பிப்புக்கே மாற்றிவிட்டேன், இரண்டு மூன்று முறை கருப்பு வெள்ளையாகச் சிமிட்டிவிட்டு நிற்கிறது. கோட்டான் நண்பரே, அந்த 313 எழுத்து அட்டவணையைப் பகிர முடியுமா? இன்னொரு திரை சும்மா கிடக்கிறது.

இரவுக்கோட்டான்:

தருகிறேன். ஙகர வரிசையில் இரண்டு எழுத்தின் அகலத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறேன், திருத்திவிட்டு நாளை ஏற்றுகிறேன்.