எம்.எஸ். 109 எங்கே? கோஹிமா–இம்பால் சாலை, 1944

பாதைதேடி:
ஜப்பானியரோடு போர் நடந்த 1944-இல் திமாப்பூர்–கோஹிமா–இம்பால் சாலையில் படைகள் எப்போது, எந்தத் திசையில் போயின என்பதைப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளோடும் சாலையோர ஊர்களின் நினைவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று இடத்தில் சிக்குகிறது.

ஒன்று: மைல்கல் 109-இல் (நாட்குறிப்பில் 'எம்.எஸ். 109') மார்ச்சில் கடும் சண்டை என்று ஒரு பதிவு. ஜூன் 22 அன்று கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்த பிரிட்டிஷ்–இந்தியப் படைகள் அதே கல்லில் சந்தித்தன என்று இன்னொன்று. இரண்டும் ஒரே இடமா?

இரண்டு: கறுப்புக் கட்டத்தில் சிவப்பு வட்டம் போட்ட லாரிகள் வடக்கிலிருந்து வந்ததாக ஓர் ஊர் சொல்கிறது, தெற்கிலிருந்து வந்ததாக இன்னோர் ஊர்.

மூன்று: ஒரே தாக்குதலுக்கு பிரிட்டிஷ் பதிவில் அதிகாலை 4 மணி, ஜப்பானியப் பதிவில் 6.30. யாரை நம்புவது?

நிலப்படம்:
முதல் சிக்கலில் மாட்டாதவர்களே குறைவு. 109 என்ற கல் இரண்டு உண்டு. வடக்குச் சாலையில் மைல்கற்கள் திமாப்பூரிலிருந்து எண்ணப்பட்டன: கோஹிமா 46, இம்பால் ஏறத்தாழ 134. இம்பாலிலிருந்து பர்மாவின் திடிமுக்குப் போகும் திடிம் சாலையில் எண்ணிக்கை இம்பாலிலிருந்து தெற்கே போகும். உங்கள் மார்ச் சண்டை அந்தத் தெற்குக் கல்லில் நடந்தது. அங்கே பெரிய சரக்குக் கிடங்கு இருந்தது. திடிமிலிருந்து பின்வாங்கிய 17-வது இந்திய டிவிஷனின் வழியை ஜப்பானியர் அங்கேதான் மறித்தார்கள். ஜூன் 22 சந்திப்பு வடக்குக் கல்லில். ஆகவே மைல்கல் எண்ணைக் குறிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே சாலையின் பெயரையும் எழுதிவையுங்கள்.

வடக்குக் கல்லை இன்றைய படத்தில் வைக்க இம்பாலிலிருந்து அளப்பதே மேல்: 134-இல் 109 போக 25 மைல், அதாவது சுமார் 40 கி.மீ. திமாப்பூரிலிருந்து அளந்தால் 175 கி.மீ. வரும். அதில் நான்குவழிச் சாலைக்காக மலையை வெட்டித் தடம் மாற்றிய பகுதிகளும் சேர்ந்துவிடும், பிழை கூடும். இப்போது சாலையோரம் நிற்கும் கிலோமீட்டர் கல்லை நம்பவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 39 என்றிருந்தது, கோஹிமாவரை 29, அதற்குத் தெற்கே 2 என்று மாறிவிட்டது.

கிழக்கெல்லை:
இரண்டாவதில் இரு ஊரும் சொல்வது சரிதான். சிவப்பு வட்டம் 5-வது இந்திய டிவிஷனின் அடையாளம். மார்ச் 1944-இல் அதை பர்மாவின் அரக்கான் பகுதியிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தபோது பிரித்துவிட்டார்கள்: அதன் ஒரு பிரிவான 161-வது பிரிகேட் திமாப்பூர் பக்கம், 9-வதும் 123-வதும் இம்பால் பக்கம். முதலாவது கோஹிமாவை நோக்கித் தெற்கே இறங்கியது. மற்றவை பிறகு காங்லாதோங்பி வழியாக வடக்கே முன்னேறின. சந்திப்பின்போது வடக்கிலிருந்து வந்தது பிரிட்டிஷ் 2-வது டிவிஷன்; அதன் அடையாளம் குறுக்காக வைத்த இரண்டு சாவிகள். எனவே மாவோ, மாரம் பக்கத்து ஊர்களில் 'சாவி' என்ற பேச்சு வந்தால் அது ஜூன் மாதத்து நினைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

திடிம் சாலைக்கும் இதே வழிதான். கறுப்புப் பூனை என்றால் 17-வது டிவிஷன், வடக்கு நோக்கிப் பின்வாங்கியது. சிவப்புச் சேவல் என்றால் 23-வது, அதற்குக் கைகொடுக்க இம்பாலிலிருந்து தெற்கே போனது.

ஒன்று மட்டும் கவனம். "சிவப்பு வட்டமா பார்த்தீர்கள்?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ஐந்தாறு அடையாளங்களைத் தனித்தனி அட்டையில் வரைந்து, பெயர் எழுதாமல் பரப்பி வையுங்கள். அவர்களே எடுக்கட்டும். அன்று பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். ஆவணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊர்களுக்குப் போங்கள்.

நேரக்கணக்கு:
மூன்றாவதிலும் முரண் இல்லை. செப்டம்பர் 1942 முதல் அக்டோபர் 1945 வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளி ஓடியது, கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால். ஜப்பானியப் படை டோக்கியோ நேரத்தில், ஒன்பது மணி முன்னால் இருந்தது. வித்தியாசம் சரியாக இரண்டரை மணி. நள்ளிரவையொட்டிய சண்டைகளில் தேதியே மாறிப்போகும். பிரிட்டிஷ் பதிவில் இரவு 10 மணி என்றால் ஜப்பானியப் பதிவில் மறுநாள் 0.30.

பாதைதேடி:
மூன்றும் தெளிந்தது, மிக்க நன்றி. நாட்குறிப்பில் ஊர்ப்பெயரே இல்லாமல் ஆறு இலக்கம் மட்டும் வரும் இடங்களை எப்படிப் படிப்பது? 'பாயிண்ட் 2926' என்பது போலவும் வருகிறது.

நிலப்படம்:
ஆறு இலக்கம் என்பது ராணுவ வரைபடக் கட்டத்தில் ஓர் இடத்தின் எண்: முதல் மூன்று கிழக்கே எவ்வளவு, அடுத்த மூன்று வடக்கே எவ்வளவு என்று காட்டும். அளவு மீட்டரில் இல்லை, கெஜத்தில். ஒரு கட்டம் 1,000 கெஜம், ஆறு இலக்கம் காட்டுவது 100 கெஜச் சதுரம். அதே எண் ஒவ்வொரு 1,00,000 கெஜத்துக்கும், அதாவது 57 மைலுக்கு ஒருமுறை, திரும்ப வரும். அதனால் வரைபடத் தாளின் எண் தெரியாமல் இடம் குறிக்காதீர்கள். கோஹிமா இருப்பது 83 கே/2 தாளில். வரைபட மென்பொருளில் 'கல்யாண்பூர் 1880, இந்தியா மண்டலம் 2பி' (பழைய இந்திய நில அளவையின் அடிப்படை) என்று தேர்ந்தெடுங்கள். அந்த ஆயத்தொலைவை அப்படியே ஜி.பி.எஸ்.ஸில் போட்டால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். மலைச்சரிவில் அது பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கமாகக்கூட இருக்கலாம்.

'பாயிண்ட்' என்பது குன்றின் உயரம், அடியில். 2926 அடி என்றால் 892 மீட்டர். திடிம் சாலையில் இம்பாலிலிருந்து பத்தாவது மைலை ஒட்டி அந்த உயரத்தில் உள்ள குன்றைத் தேடுங்கள். மைபாம் லோத்பா சிங் என்ற குன்று, ஆங்கிலேயர் எழுதிய 'ரெட் ஹில்', அதுதான்.