வாக்கிய அமைப்பை மனப்பாடம் செய்தால் ஆங்கிலம் வருமா?

பெருந்துறை அப்பா:
என் மகள் எட்டாம் வகுப்பு. எஸ்.வி.ஓ. (எழுவாய், வினை, செயப்படுபொருள்), எஸ்.வி.சி., எஸ்.வி.ஏ. என்று எழுத்துகளால் குறிக்கும் ஆங்கில வாக்கிய அமைப்புகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் அந்தப் பாடம் எதற்கு? இலக்கணத்தை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டு, அதுவரை கதைப் புத்தகங்களைக் கொடுங்கள்.

கோபி ஆசிரியை:
ஐயா, பெயர்களை ஒப்பிப்பது வீண்தான். ஆனால் இலக்கணத்தையே தள்ளிவைப்பதை ஏற்க மாட்டேன். என் வகுப்பில் 'ஹி டாக்டர்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'அவர் மருத்துவர்' என்றாலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது, வினைச்சொல் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் அது நிற்காது. கேள்வியும் அப்படித்தான். 'வந்தான்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் நமக்கு 'வந்தானா' கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் 'டிட்' முன்னால் வந்து இறந்தகாலத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. 'கேம்' பழையபடி 'கம்' ஆகிவிடுகிறது. இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் 'டிட் ஹி கேம்' என்று எழுதியபடியே பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

பொள்ளாச்சிக்காரன்:
தமிழ் பேச யாருக்காவது இலக்கணம் சொல்லித் தந்தோமா, டீச்சர்?

கோபி ஆசிரியை:
தமிழ் விடிந்தது முதல் காதில் விழுகிறது. தென்னந்தோப்பிலும் தறிக்கூடத்திலும் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் அந்த ஒரு பாடவேளையில்தான் கேட்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் விதி தேவைப்படுகிறது. வசதியுள்ள வீட்டை வைத்து எல்லோருக்கும் அளவு தைக்காதீர்கள்.

திருப்பூர் ஏற்றுமதி:
ஆசிரியை சொல்வதே சரி. பனியன் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கை அனுப்பிவிட்டோம் என்பதற்கும் அனுப்பப்போகிறோம் என்பதற்கும் வினையில்தான் வேறுபாடு. அதைத் தவறாக எழுதினால் வெளிநாட்டு வாடிக்கையாளர் கப்பலைத் தேடுவார். குறிப்பால் புரிந்துகொள்ள அவர் நம் ஊர்க்காரர் இல்லை.

பெருந்துறை அப்பா:
காலம் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறதே, அம்மணி. முதலில் பிள்ளை தப்பும் தவறுமாகவாவது ஒரு பக்கம் எழுதட்டும். அதில் இருக்கும் பிழைக்கு விதியைச் சொல்லுங்கள். எழுதாத பிள்ளைக்கு எதைத் திருத்துவீர்கள்?

கோபி ஆசிரியை:
அதைச் செய்ய எனக்கும் ஆசைதான். நாற்பது நோட்டுகளையும் வரிவரியாகத் திருத்த நேரம் வேண்டும். தேர்வில் வாக்கியத்தைக் கொடுத்து அமைப்பின் பெயரைக் கேட்கும்வரை, பெற்றோரும் அந்த மதிப்பெண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பெருந்துறை அப்பா:
நான் கேட்க மாட்டேன். அவள் நோட்டில் சிவப்பு மையைத்தான் தேடுவேன்.