மின் கட்டணம் குறைவாக வந்திருக்கிறது: சொல்லிவிடுவதா, பேசாமல் இருந்துவிடுவதா?

கேள்வி: மேலத்தெரு மருமகள்

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 360 யூனிட் ஓடும். கட்டணமும் ஆயிரம் ரூபாயை ஒட்டியே வரும். இந்த முறை கணக்கெடுத்துப் போன அன்று மாலை கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் இருநூறு ரூபாய்க்கும் குறைவான தொகையே இருந்தது. இடையில் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தோம் என்பது உண்மைதான். ஆனால் அப்போதும் ஃபிரிட்ஜை நிறுத்தவில்லை. சந்தேகத்துடன், திண்ணைக்கு மேலே இருக்கும் மீட்டரை நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். திரையில் 1431 என்று இருந்தது. வெள்ளை அட்டையில் அன்று காலை எழுதியிருப்பது 1247. அதற்கு முந்தைய கணக்கு 1063. 1427 என்பதை இலக்கம் மாற்றி 1247 என்று எழுதிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதாவது 364 யூனிட்டுக்குப் பதில் 184 யூனிட்டுக்குத்தான் கணக்கு வந்திருக்கிறது.

“நாமா குறைக்கச் சொன்னோம்? அவர்கள் தவறுக்கு நாம் ஏன் போய் வரிசையில் நிற்க வேண்டும்?” என்கிறார் மாமனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் சொல்லப் போனால் மீட்டரில் நாங்களே ஏதோ செய்துவிட்டதாகச் சந்தேகப்படுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. இன்னொன்று, கணக்கெடுக்க வருகிற பெண் வேலைக்குப் புதியவர். வெயிலில் தெருத்தெருவாக அலைந்துவிட்டு எங்கள் வீட்டில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். என்னால் அவருக்குத் தண்டனை ஏதும் வந்துவிடக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

அம்மா, மின் கட்டணப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மாமனார் இலாபம் என்று நினைப்பது இலாபமே அல்ல. மீட்டர் ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை; ஓடிய யூனிட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. இந்த முறை விடுபட்ட 180 யூனிட் அதற்குள்ளேயே இருக்கிறது. அடுத்த முறை சரியான எண்ணை எழுதும்போது அந்த 180ம் சேர்ந்து, 360க்குப் பதில் 540 யூனிட் ஓடியதாகக் கணக்கு வரும்.

தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளில் 500 என்பது ஒரு பெரிய எல்லைக்கோடு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு கட்டணம் மாறியிருக்கலாம்; கணக்கு போகும் விதத்தைப் புரிந்துகொள்ள இது போதும். அதன்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 அடுக்கே காணாமல் போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய், 600 வரை 8 ரூபாய்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒழுங்காக எடுத்திருந்தால் 364 யூனிட்டுக்கு 963 ரூபாய், அடுத்த முறை 360 யூனிட்டுக்கு 945 ரூபாய், ஆக 1908. தவறை அப்படியே விட்டால் இந்த முறை 184 யூனிட்டுக்கு 189 ரூபாய்தான். ஆனால் அடுத்த முறை 540 யூனிட்டுக்கு 2270 ரூபாய். மொத்தம் 2459. சும்மா இருந்ததற்கு 551 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். அப்போது போய், “போன முறை நீங்கள்தான் குறைத்து எழுதினீர்கள்” என்று முறையிட்டால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே நாளைக்கே மின் வாரிய அலுவலகத்துக்குப் போங்கள். மீட்டரின் திரை தேதி, மின்னழுத்தம், உச்சத் தேவை என்று வரிசையாக மாறிக்கொண்டே இருக்கும், யூனிட்டைக் குறிக்கும் கே.டபிள்யூ.எச். (kWh) என்ற எழுத்துகள் எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும் நொடியில் ஒரு படம் எடுங்கள். மீட்டரின் வரிசை எண்ணும் அதில் விழ வேண்டும். இலக்கம் மாறிய தவறு எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான். முந்தைய எண்ணைவிடக் குறைந்த எண் என்றால் உடனே கண்ணில் படும். இப்படி நம்பும்படியாக இருப்பவைதான் தப்பிவிடும். முத்திரை உடையாத மீட்டரைக் காட்டித் தாமாகவே வந்து சொல்கிறவரை யாரும் திருடராக நினைப்பதில்லை.

பதில்: தெற்குவீதிக்காரர்

எல்லோரும் உங்களைப் போகச் சொல்வார்கள். மாமனார் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஓர் இலக்கம் கூடிப்போய், நாங்கள் தொடாத யூனிட்டுகளுக்கெல்லாம் கணக்கு வந்தது. முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். நான்கு முறை நடந்தேன். மூன்றாவது முறை என் மனுவையே காணவில்லை. கடைசியில் அடுத்தடுத்த கட்டணங்களில் கழித்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது என்றால் மட்டும் நாம் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓட வேண்டுமா? மீட்டர் தெருவைப் பார்த்துத்தான் தொங்குகிறது. நீங்கள் எதையும் மறைக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிய பிறகுதான் மேலே பெரியவர் போட்டிருக்கும் கணக்கைப் படித்தேன். அந்த 500 யூனிட் விஷயம் எனக்குத் தெரியாது. ஆகவே உங்கள் பணத்துக்காகப் போங்கள். அவர்கள் பணத்துக்காகப் போக வேண்டியதில்லை. ஆனால் வேறு யாராவது இணைப்பு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டி, அவர்கள் பணம் உங்கள் கணக்கில் விழுந்திருந்தால், நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன். மறுநாள் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்து நிற்பது அந்த வீட்டு வாசலில் அல்லவா?

பதில்: வழக்குரைஞர்

சகோதரியின் சிக்கல் தானாகவே வெளிவந்துவிடக்கூடிய வகை. ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வரும் சிலருடைய சிக்கல் அப்படி இருக்காது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். வணிக இணைப்புக்கு வீட்டு வீதத்தில் கட்டணம் வருவது, பெரிய இணைப்புகளில் பெருக்கல் எண்ணை (மீட்டர் காட்டும் அளவை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண்ணை) தவறாகப் பதிவது போன்றவை அடுத்த கணக்கெடுப்பில் சரியாகிவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடி, ஒரு தணிக்கையில் மொத்தமாக வெளியே வரும்.

“இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் கேட்க முடியாது” என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மின்சாரச் சட்டம் 2003இன் 56(2) பிரிவை மேலோட்டமாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ராஜஸ்தான் மின் பகிர்மான நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேறு மாதிரி இருக்கிறது. அங்கே 2009 முதல் 2011 வரை தவறான வீதத்தில் கட்டணம் வாங்கிவிட்டு, 2014இல் கூடுதல் தொகை கேட்டார்கள். அந்தத் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது, ஆனால் தவறு உண்மையானதாக இருந்தால் சட்டப்படி வேறு வழியில் வசூலிக்கத் தடையில்லை என்றது நீதிமன்றம். 2021இல் அரியானா வழக்கு ஒன்று: பெருக்கல் எண் 10 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று பதிந்து, பல மாதங்கள் பாதிக் கட்டணமே வந்திருந்தது, பின்னர் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். நுகர்வோர் அங்கும் தோற்றார். தமிழ்நாட்டு மின் வழங்கல் விதித் தொகுப்பிலும், குறைத்து வாங்கியிருந்தால் மிச்சத்தைக் கேட்க அவர்களுக்கும், கூட்டி வாங்கியிருந்தால் திரும்பப் பெற நமக்கும் உரிமை உண்டு.

ஒரு வேறுபாட்டை மறந்துவிட வேண்டாம். நீங்கள் கடைக்கு என்று விண்ணப்பித்து, அலுவலகத்தில் வீடு என்று பதிந்திருந்தால் அது அவர்கள் பிழை. வித்தியாசத் தொகையோடு போகும். வீட்டு இணைப்பை வாங்கிக்கொண்டு முன்னறையில் நீங்களாகவே டிபன் கடை போட்டிருந்தால் அது கட்டணப் பிழையே அல்ல. 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு, இருமடங்கு வீதத்தில் மதிப்பிடுவார்கள்.

சகோதரி நேரில் போகும்போது இரண்டு வரியாவது எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “கணக்கெடுப்பில் எண் மாறியுள்ளதாகத் தெரிகிறது, சரிபார்க்கவும்” என்றால் போதும். யார் எழுதினார் என்பதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்: மேலத்தெரு மருமகள்

அனைவருக்கும் நன்றி. கணக்கெடுப்பவர்கள் தெருவுக்குப் புறப்படுவதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்று காலை ஒன்பதரைக்கே போனேன். அந்தப் பெண் அங்கேதான் இருந்தார். படத்தைக் காட்டியதும் தம் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் 1427 என்று சரியாகவே எழுதியிருக்கிறார், பதியும்போதுதான் மாறியிருக்கிறது. “அக்கா, அடுத்த தடவை நீங்கள் என்னைத்தான் திட்டியிருப்பீர்கள்” என்றார். மேலதிகாரி கடிதத்தை வாங்கிக்கொண்டு, யாரையும் கடிந்துகொள்ளாமல், ஓர் ஆளை அனுப்பி மீட்டரைப் பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் திருத்திய தொகை வந்தது, ஆயிரத்தை ஒட்டித்தான். இருநூறாகச் சொல்லப்பட்டதை ஆயிரமாக ஆக்கிக்கொண்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று மாமனார் இரண்டு நாள் பேசவில்லை.

பெரியவர் போட்ட கணக்கை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தினமும் காலையில் நாற்காலி போட்டு ஏறி, மீட்டர் எண்ணைப் பார்த்து, நாட்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்து வைக்கிறார். இன்றைய தாளில் 1468 என்று இருக்கிறது.